மீன்களோடு ஒரு க்ரேஃபிஷ்: வீட்டுத் தொட்டி ஒன்றில் நடந்தவை

பின்னணி

வடசென்னையில் ஓர் அடுக்ககம். அப்பா, அம்மா, பாட்டி, ஏழாம் வகுப்பு படிக்கும் மகன் என்று நால்வர் இருக்கும் வீடு. நான் அதே கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கிறேன். இருபது வருடமாக மீன் வளர்ப்பவன் என்பதால் எங்கள் கட்டடத்தில் எந்த வீட்டு மீன் கவிழ்ந்து மிதந்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். அந்த வீட்டு மீன்தொட்டிக்கு ஒரு க்ரேஃபிஷ் (இறால் இனத்தில், பெரிய கொடுக்குள்ள நன்னீர்ப் பிராணி) வந்ததிலிருந்து நாள் கணக்கு வைத்தால், நான் 16-ஆம் நாள்தான் உள்ளே வந்தேன். அதற்கு முந்தைய விவரங்கள் அந்தப் பையனின் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிடைத்தவை. தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் மீன்களை எண்ணி எழுதிவைக்கிற பழக்கம் அவனுக்கு இருந்தது. அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் இதை எழுதியிருக்கவே முடியாது.

தொட்டி மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மணலும் மரக்கட்டையும் போக சுமார் 125 லிட்டர் தண்ணீர். ஒன்றரை வருடமாக ஓடிக்கொண்டிருந்ததால் ஃபில்டர் நன்றாகப் பழகியிருந்தது. நடுத்தண்ணீரில் நீந்தும் எட்டு விடோ டெட்ரா, இரண்டு ஏஞ்சல்; அடியில் வாழும் ஆறு கோரி, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சக்கர் மீன். யாரும் யாரையும் தொந்தரவு செய்யாத தொட்டி.

கொளத்தூர் பக்கம் மீன் வாங்கப் போனபோது ஒரு கடையில் ‘ப்ளூ லாப்ஸ்டர்’ என்று எழுதி வைத்திருந்ததைப் பையன் பார்த்துவிட்டான். விலை 250 ரூபாய், நீளம் 6 செ.மீ. “அது பாட்டுக்கு அடியில கிடக்கும் சார், மிச்ச தீனியெல்லாம் சுத்தம் பண்ணிடும்” என்று கடைக்காரர் சொன்னதாக அப்பா சொல்கிறார். சொன்னதில் பாதி உண்மை. அடியில் கிடக்கும், கிடைத்ததைச் சுத்தம் செய்யும். அடியில் கிடக்கிற மற்ற மீன்களும் அந்தக் கணக்கில் சேரும் என்பதைத்தான் சொல்லவில்லை.

பெயரைப் பற்றி ஒன்று. கடைகளில் லாப்ஸ்டர் என்று விற்றாலும் இது நன்னீரில் வாழும் க்ரேஃபிஷ். நம் கடற்கரையில் பிடிபடும் சிங்கி இறாலுக்கு நீண்ட முள் மீசைதான் உண்டு, பெரிய கொடுக்கு கிடையாது. இதற்குக் கொடுக்குதான் எல்லாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் ரெட் க்ளா வகையில் வளர்ந்த ஆணின் கொடுக்கோரம் சிவப்புத் திட்டு இருக்கும். அந்த வகை கொஞ்சம் சாது. இந்த வீட்டுக்கு வந்ததோ சொரசொரப்பான கொடுக்கோடு நீலமாக இருந்தது. அமெரிக்கப் புரோகேம்பரஸ் வகை என்று பார்த்ததும் எடுத்துக்கொண்டேன். இவை சாதாரணமாக 10, 12 செ.மீ. வரை வளரும், கோபமும் அதிகம்.

முதல் இரண்டு வாரம்

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பகலில் மரக்கட்டைக்குக் கீழே இருந்த பள்ளத்தில் பதுங்கியிருந்தது. தீனி போட்டால் மீசை மட்டும் வெளியே வரும். ‘நல்ல பிராணி’ என்று பையன் எழுதியிருக்கிறான்.

9-ஆம் நாள் காலை கோரி ஐந்து. உடல் கிடைக்கவில்லை. துள்ளி வெளியே விழுந்திருக்கும் என்று தொட்டிக்குப் பின்னால் துடைப்பத்தை விட்டுத் தேடியிருக்கிறார்கள். 13-ஆம் நாள் கோரி நான்கு. அடுத்த நாள் சக்கர் மீனின் வால் ஓரத்தில் ஒரு துண்டு காணவில்லை.

அம்மாவுக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. “அந்தக் கொடுக்கு வச்சது மேலதான் எனக்குச் சந்தேகம்” என்று சொல்லியிருக்கிறார். அப்பா ஏற்கவில்லை. தொட்டி முன்னால் அவர் உட்கார்ந்து பார்த்த நேரமெல்லாம் அது அசையாமல்தான் கிடந்தது. அவர் பார்த்தது மாலை ஏழு முதல் ஒன்பது வரை, விளக்கு எரியும் நேரம்.

மருந்து ஊற்றிய மாலை

16-ஆம் நாள் சக்கர் மீனின் வாலைப் படம் எடுத்துக் கடையில் காட்டியிருக்கிறார்கள். வால் அழுகல் என்று சொல்லி ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார்கள். மாலையில் அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, சரியாகத்தான் ஊற்றினோமா என்று கேட்க அப்பா பாட்டிலோடு மேலே வந்தார். அதன் ஒட்டுச்சீட்டில் காப்பர் சல்பேட் என்று இருந்தது.

செம்பு மீன் நோய்க்குப் பழைய மருந்து. ஆனால் இறால், நண்டு, நத்தை, க்ரேஃபிஷ் எல்லாவற்றுக்கும் அது விஷம். மீன் தாங்கும் அளவை இவை தாங்காது. உடனே கீழே போய்ப் பாதித் தண்ணீரை மாற்றினோம். என்னிடம் இருந்த, மருந்தை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பனைத் துணிப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைத்தேன். மறுநாள் காலை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மீண்டும் மாற்றினோம். இரண்டு நாள் க்ரேஃபிஷ் மந்தமாக இருந்தது, பிறகு தேறிவிட்டது.

அன்றிரவே சக்கர் மீனின் வாலையும் உற்றுப் பார்த்தேன். அழுகலாக இருந்தால் ஓரம் வெளுத்து, நார்நாராகக் கிழிந்து, நாளுக்கு நாள் உள்ளே ஏறும். இது கத்தரி வைத்து வெட்டியது போல இருந்தது. சுற்றியுள்ள பகுதி சுத்தம். இல்லாத நோய்க்கு மருந்து ஊற்றி, இருக்கும் பிராணியைக் கொல்லப் பார்த்திருக்கிறோம்.

இரவில் பார்த்தது

அம்மாவின் சந்தேகத்துக்குச் சாட்சி வேண்டும் என்றால் இரவில்தான் உட்கார வேண்டும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றினேன். சிவப்பு வெளிச்சம் அதை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. 18, 19, 20-ஆம் இரவுகளில் நானும் அப்பாவும் பத்தரை மணியிலிருந்து ஒரு மணி வரை இருட்டில் உட்கார்ந்தோம். மறுநாள் பள்ளி என்பதால் பையனுக்கு அனுமதி இல்லை. அந்த வருத்தம் நோட்டிலும் பதிவாகியிருக்கிறது.

விளக்கு அணைந்து அரை மணி நேரத்தில் அது வெளியே வந்தது. பகலில் பார்த்த பிராணியே இல்லை. பின்கண்ணாடி ஓரமாக நடந்து தொட்டியின் முழு நீளத்தையும் அளந்தது. மீன்களைத் துரத்தவில்லை, ஒருமுறைகூட இல்லை. கொடுக்கைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக நடக்கும். மீசை எதிலாவது பட்டால் நிற்கும். பட்டது உயிருள்ளது என்று தெரிந்ததும் கொடுக்கு மூடும். அவ்வளவுதான் அதன் வேட்டை.

கோரிகள் இரவில் மணலில் வயிறு பட அசையாமல் கிடக்கும். இரண்டாம் இரவு ஒரு கோரியின் முதுகில் மீசை பட்டது, கொடுக்கு மூடியது. முதுகுத்துடுப்பின் முள்ளைத்தான் பிடித்தது போலும். கோரி உதறிக்கொண்டு தப்பியது. ஓட்டை விழுந்த துடுப்பை மறுநாள் பகலில் பார்த்தோம். சக்கர் மீனும் கண்ணாடியில் ஒட்டியபடி வாலைத் தொங்கவிட்டுத் தூங்கும். வால் அறுந்த விதம் இப்போது புரிந்தது.

நடுத்தண்ணீரில் நின்ற டெட்ராக்களையும் ஏஞ்சல்களையும் அது தொடவில்லை. எட்டவும் எட்டாது. இந்தக் கவனிப்பு சரியானதுதான். அதிலிருந்து நான் எடுத்த முடிவுதான் தவறு.

21-ஆம் நாள் எடுத்த முடிவு

மரக்கட்டையைத் தூக்கிப் பார்த்தோம். பள்ளத்தில் கோரியின் பக்கத்துடுப்பு முள் இரண்டு, தகடு போன்ற உடல் ஓட்டுத் துண்டுகள். வேறு சாட்சி தேவைப்படவில்லை.

எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன. கடைக்குத் திருப்பிக் கொடுப்பது. கடையில் எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். தனித் தொட்டி வாங்குவது. அப்போதைக்கு இடமும் இல்லை, காசும் ஒதுக்கவில்லை என்றார் அப்பா. தொட்டியை நடுவில் தடுப்பது. டியூப்லைட்டுக்கு மேல் போடும் கட்டம்போட்ட பிளாஸ்டிக் தட்டி அதற்கு நன்றாக உதவும், ஆனால் தொட்டியின் அழகு போய்விடும் என்று யாருக்கும் மனசு வரவில்லை. நான்காவது, அடியில் வாழும் மீன்களை மட்டும் வெளியேற்றுவது. இதை முன்வைத்தவன் நான்.

மிஞ்சிய நான்கு கோரிகளும் சக்கர் மீனும் என் வீட்டுத் தொட்டிக்கு வந்தன. க்ரேஃபிஷுக்கு பிளம்பர் மிச்சம் வைத்துப்போன பிவிசி பைப்பில் இரண்டு துண்டுகளை அறுத்துப் போட்டோம். தீனியை இரவு ஒன்பதரைக்கு, விளக்கை அணைத்த பிறகு போடச் சொன்னேன்: மூழ்கும் பெல்லட், இரண்டு நாளுக்கு ஒருமுறை அரைவேக்காட்டு கேரட் அல்லது பட்டாணி, காய்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்று. வயிறு நிறைந்திருந்தால் வேட்டைக்குப் போகாது என்பது என் எண்ணம்.

அடுத்த பதினாறு நாள் ஒரு மீனும் குறையவில்லை. நோட்டில் ஒரே எண்கள். வெற்றி என்றே நினைத்தோம்.

ஓடு கழன்ற காலை

38-ஆம் நாளிலிருந்து சாப்பிடவில்லை. நிறம் மங்கியது, பைப்பை விட்டு வெளியே வரவில்லை. அப்பா போனில் சொன்னபோது, “ஓடு கழற்றப் போகுது சார், விடுங்க” என்றேன். அத்தோடு நிறுத்திக்கொண்டதுதான் பிழை.

க்ரேஃபிஷின் ஓடு உடலோடு சேர்ந்து வளராது. வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். வளர்ப்பவர்கள் இதை மோல்ட் என்பார்கள். அதற்கு முன் பழைய ஓட்டில் உள்ள சுண்ணாம்பில் ஒரு பகுதியை உறிஞ்சி, இரைப்பைச் சுவரில் பொத்தான் போன்ற இரண்டு வெள்ளைக் கற்களாகச் சேர்த்துவைத்துக்கொள்ளும். பிறகு தலைப்பகுதி ஓடும் வால்பகுதியும் சேருமிடம் பிளக்க, பின்பக்கமாக நழுவி வெளியே வரும். வந்த உடல் மெத்தென்று இருக்கும். கொடுக்கு இருந்தும் பயனில்லை. அதை மூடினால் அதுவே வளையும். கற்களில் இருக்கும் சுண்ணாம்பும், தின்னும் பழைய ஓடும், தண்ணீரில் கரைந்திருப்பதும் சேர்ந்துதான் புது ஓட்டைக் கெட்டியாக்குகின்றன. அதற்குச் சில நாள் ஆகும்.

41-ஆம் நாள் காலை ஆறரைக்கு அம்மா கூப்பிட்டார். “ரெண்டா கிடக்குது, ஒண்ணு செத்துப்போச்சு போல.” செத்ததாக நினைத்தது கழன்ற ஓடு, வலையால் எடுத்துக் குப்பையில் போடத் தயாராக இருந்தார். உயிரோடு இருந்தது பைப்புக்கு வெளியே, மணலில், பக்கவாட்டில் கிடந்தது. அதைச் சுற்றி டெட்ராக்கள்.

விடோ டெட்ரா கொறிக்கும் பழக்கம் உள்ள மீன். ஏஞ்சலின் நீளத் துடுப்பைக் கடிப்பதைப் பார்த்திருக்கிறேன். கெட்டியான ஓட்டில் அதன் வாய் எதுவும் செய்யாது. மெத்தென்ற உடலில் செய்யும். இரண்டு மீசையும் அடியோடு போயிருந்தன. வலது கொடுக்கும் இரண்டு நடைக்கால்களும் இல்லை. கொடுக்கை மீன் கடித்து எடுத்திருக்காது. ஆபத்தில் க்ரேஃபிஷ் தன் காலைத் தானே மூட்டில் கழற்றிவிடும், அந்த இடம் உடனே அடைத்துக்கொள்ளும். அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

மூன்று வாரமாக நாங்கள் எல்லாரும் க்ரேஃபிஷ் மீனைத் தின்னுமா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். டெட்ராக்கள் தப்பிக்கும் பக்கம் என்றே என் மனசில் பதிந்துவிட்டது. இருபது வருட அனுபவம் இந்த இடத்தில் உதவவில்லை.

தண்ணீரில் இருந்த இன்னொரு காரணம்

20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் தொட்டித் தண்ணீரையே ஊற்றி, ஏர் ஸ்டோன் போட்டு, க்ரேஃபிஷைக் கையால் தொடாமல் ஒரு கிண்ணத்தால் மொண்டு மாற்றினோம். கழன்ற ஓட்டையும் உள்ளே போட்டோம். மூன்றாம் நாள் அதைத் தின்னத் தொடங்கியது.

ஆனால் உடல் கெட்டியாகவில்லை. நான்காம் நாளும் மெத்தென்றே இருந்தது. அப்போதுதான் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை எடுத்துவந்தேன். தொட்டியில் 85. இந்தப் பகுதி போர் தண்ணீரில் அது 700-க்குக் குறையாது. விசாரித்தால், போர் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளைக் கறை படிய வைக்கிறது என்று மாதக்கணக்காக வீட்டு ஆர்ஓ தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்கள். மருந்தை வெளியேற்ற அவசரத்தில் நாங்கள் மாற்றியதும் அதே ஆர்ஓ தண்ணீர்தான்; எங்கிருந்து பிடிக்கிறார்கள் என்று அன்று நான் கேட்கவில்லை. மீன் கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் மட்டும் அன்று பார்த்தேன், இரண்டும் பூஜ்யம்.

டெட்ராவுக்கும் ஏஞ்சலுக்கும் மென்மையான தண்ணீர் பிடிக்கும். க்ரேஃபிஷுக்குச் சுண்ணாம்புள்ள கடினத் தண்ணீர் வேண்டும். கொடுக்கை மறந்துவிட்டுப் பார்த்தாலும் இவை ஒரே தண்ணீருக்குப் பொருந்தாத ஜோடி.

டப்பில் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் வீதம் வெயிலில் வைத்த போர் தண்ணீரைச் சேர்த்து மெதுவாக 350 வரை ஏற்றினோம். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை வாங்கி ஒரு துண்டு போட்டேன். கடல் நுரை என்பது கணவாயின் உள் ஓடு, பெரும்பாலும் சுண்ணாம்பு. 49-ஆம் நாள் வாக்கில் ஓடு இறுகியது. 50-ஆம் நாள் ஒற்றைக் கொடுக்கோடு பெல்லட்டைப் பிடித்தது.

ஏரியில் விடலாமா?

அதற்குள் வீட்டில் எல்லாருக்கும் அலுத்துவிட்டது. “ஏரியில விட்டுடு தம்பி, அதும் ஓர் உயிர்தானே, எங்கயாச்சும் பொழச்சுக்கும்” என்றார் பாட்டி. ரெட்டேரி பக்கம்தான். அவர் சொன்னது இரக்கத்தில். ஆனால் ‘பொழச்சுக்கும்’ என்பதுதான் பிரச்சினையே.

இந்தியாவின் ஆறு குளங்களில் க்ரேஃபிஷ் இயற்கையாகவே கிடையாது. இந்தத் துணைக்கண்டத்துக்கே உரியது என்று ஒரு வகைகூட இல்லை. புதிதாக வந்தால் அதற்குப் பழகிய எதிரியும் இல்லை. லூசியானா சிவப்பு க்ரேஃபிஷை 1970-களில் ஸ்பெயினில் வளர்ப்புக்காக இறக்கினார்கள்; அது நெல் வயல்களுக்குள் புகுந்து வரப்புகளில் வளை தோண்டியது. 1990-களில் ஜெர்மனியின் மீன் வளர்ப்பாளர்களிடம் தென்பட்ட மார்பிள் க்ரேஃபிஷ் இன்னும் மோசம். அதில் எல்லாமே பெண். ஆண் துணை இல்லாமலே குஞ்சு பொரிக்கும். ஒன்றே ஒன்று போதும். மடகாஸ்கரில் அது பரவிய வேகம் ஆய்வாளர்களையே திகைக்க வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் வெளியிட்ட ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலில் ஐந்து க்ரேஃபிஷ் வகைகள் உள்ளன; மேற்சொன்ன இரண்டும் அதில் அடக்கம்.

பாட்டியிடம் மடகாஸ்கரைப் பற்றிப் பேசவில்லை. யாரோ இரக்கப்பட்டுத் தொட்டியிலிருந்து விட்ட சக்கர் மீன் இன்றைக்கு நம் ஏரிகளில் வலைக்கு வலை சிக்குகிறதே, அதைச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருந்தது. “அந்த முள்ளு மீனா? வலையக் கிழிக்குதுன்னு திட்டுவாங்களே” என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

தனித் தொட்டி

53-ஆம் நாள் இரண்டடிக்கு ஒன்றடி அளவில், ஒன்றடி உயரத்தில் ஒரு பழைய தொட்டியை என் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தேன். ஸ்பாஞ்ச் ஃபில்டர், மணல், பைப், பாதி போர் தண்ணீர். செடி வைக்கவில்லை, வைத்தால் வெட்டிவிடும்.

மூடியாகக் கண்ணாடிப் பலகை. ஏர் டியூப் போக ஒரு மூலையில் இடைவெளி விட்டிருந்தோம். 58-ஆம் நாள் காலை தொட்டி காலி. டியூபைப் பிடித்து ஏறியிருக்கிறது. இரண்டு மணி நேரம் தேடி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒட்டடை சுற்றிய கோலத்தில் கண்டுபிடித்தோம். செவுள் ஈரமாக இருக்கும்வரை சில மணி நேரம் தாங்கும் பிராணி. அதை நேரே ஆழத்தில் போடாமல், உடல் பாதி மூழ்கும் அளவு தண்ணீரில் அரை மணி வைத்து, அசைவு வந்த பின் தொட்டியில் விட்டோம். அந்த இடைவெளியை ஸ்பாஞ்சால் அடைத்து, கண்ணாடி மேல் இரண்டு செங்கல் வைத்தாயிற்று.

மறுபடி செய்வதாக இருந்தால்

21-ஆம் நாளே தடுப்புத் தட்டி போட்டிருப்பேன், அழகு போனாலும் பரவாயில்லை. தனித் தொட்டி வரும்வரை அது போதும். அதைவிட முக்கியம், யாராவது ‘லாப்ஸ்டர் வாங்கலாமா’ என்று கேட்டால் இப்போது என் முதல் கேள்வி தொட்டியில் என்ன மீன் என்பதில்லை, தண்ணீர் எங்கிருந்து என்பதுதான். இரண்டாவது, மூடி இருக்கிறதா.

மேல்தண்ணீரில் நீந்தும் வேகமான மீன்களோடு வைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். சில மாதம் ஓடவும் ஓடும், எங்களுக்குப் பதினாறு நாள் ஓடியதைப் போல. மோல்ட் நாள் வரும்போது மீன் கொறிக்குமா என்பதில்தான் அது நிற்கும். சாப்பாட்டை நிறுத்திய அன்றே மீன்களையோ க்ரேஃபிஷையோ பிரித்துவிடும் ஒழுங்கு இருந்தால் ஒப்புக்கொள்ளலாம். நடைமுறையில் யாரும் செய்வதில்லை, நானே செய்யவில்லை. மீன்களோடுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் குள்ள வகையைத் தேடலாம். மெக்சிகோவின் பாட்ஸ்குவாரோ ஏரியிலிருந்து வந்த ஆரஞ்சு க்ரேஃபிஷ் நான்கைந்து செ.மீ.தான் வளரும். அதன் கொடுக்கு மீனுக்குப் பெரிய அச்சம் இல்லை. மோல்ட் ஆபத்து அதற்கும் உண்டு.

மருந்து விஷயத்தில் ஒன்றே ஒன்று: ஒட்டுச்சீட்டைப் படித்துவிட்டு ஊற்றுங்கள், ஊற்றிவிட்டு மாடி ஏறி வராதீர்கள்.

இப்போதைய நிலை

கோரிகளும் சக்கர் மீனும் 62-ஆம் நாள் தங்கள் பழைய தொட்டிக்குத் திரும்பின. 79-ஆம் நாள் க்ரேஃபிஷ் இரண்டாவது முறை ஓடு கழற்றியது. தனியாக, யாரும் அருகில் இல்லாமல். மூன்றாம் நாளே ஓடு இறுகிவிட்டது. வலது தோளில் அரிசி அளவு ஒரு முளை தெரிந்தது. 121-ஆம் நாள் மூன்றாவது மோல்ட். பையன் கழன்ற ஓட்டைக் கொஞ்ச நேரம் வெளியே எடுத்து ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு மறுபடி உள்ளே போட்டிருக்கிறான். பிறகு புதுக் கொடுக்குகளையும் கண்ணாடிக்கு வெளியிலிருந்து அளந்திருக்கிறான். நோட்டில் அன்றைய பதிவு: ‘இடது 31 மி.மீ., வலது 14 மி.மீ., மீசை ரெண்டும் வந்தாச்சு.’